பிஎஃப் போட்டவர் இறந்துவிட்டால் அந்தப் பணம் யாருக்கு, எப்படி வரும்?

மாதாமாதம் சம்பளத்தில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்கள் என்பது கம்பெனி வேலைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெறும்போது அது மொத்தமாகக் கைக்கு வரும் என்பதும் தெரியும். ஆனால் நடுவிலேயே இறந்துபோனால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், "நாமினிக்குப் போகும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த வரி பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. குடும்பத்துக்கு வர வேண்டியது ஒரு பணம் இல்லை, மூன்று. மூன்றுக்கும் விதி வேறு, வாங்குகிற ஆள்கூட வேறாக இருக்கலாம். பிஎஃப் இருப்பை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் கேட்காமலே விட்டுவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன, அதுவும் பணம் மிகத் தேவைப்படுகிற நேரத்தில். அதனால்தான் அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன்.

மூன்று பணம் எங்கிருந்து வருகிறது

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதத்தை உங்களிடம் பிடித்து முழுவதையும் பிஎஃப் கணக்கில் போடுகிறார்கள். கம்பெனியும் தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும், ஆனால் அது அப்படியே அதே கணக்குக்கு வந்துவிடாது. அதில் 8.33 சதவீதம் 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதாவது இபிஎஸ்-க்குப் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் இதற்குக் கணக்கு என்பதால் மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் அங்கே போகாது, மீதியெல்லாம் பிஎஃப்-இல் சேரும். இதில் ஒரு விலக்கு உண்டு: 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாக வேலையில் சேர்ந்து, சேரும்போதே 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவர்கள் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்க மாட்டார்கள், அவர்களுக்குக் கம்பெனியின் பங்கும் முழுதாக பிஎஃப்-க்கே வந்துவிடும். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு என்று தனி வரிசை இருக்கும், அதில் தொகை ஏறுகிறதா என்று பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது பணம் சம்பளச் சீட்டில் கண்ணுக்கே படாது, ஏனென்றால் அதற்கு உங்களிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை. கம்பெனி தன் கையிலிருந்து 0.5 சதவீதம் கட்டுகிற உயிர்க் காப்பீடு அது. இடிஎல்ஐ என்று பெயர், 1976-லிருந்து இருக்கிறது. அதிகம் பேர் அறியாமல் விட்டுவிடுவது இதைத்தான் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேட்காமல் விடப்படும் காப்பீடு

வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் இந்தக் காப்பீடு கிடைக்கும். வேலையில் இருக்கும்போது என்றால் ஷிஃப்டில் இருக்கும்போது என்று அர்த்தமில்லை, கம்பெனி வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும். வீட்டில் தூக்கத்தில் மாரடைப்பு வந்தாலும், ஊருக்குப் போகிற வழியில் விபத்து நடந்தாலும் பொருந்தும்.

தொகையை இப்படிப் போடுகிறார்கள். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000 ரூபாய் உச்சவரம்புக்குள், 35-ஆல் பெருக்க வேண்டும். அதோடு கடைசி 12 மாதங்களில் பிஎஃப் கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதியைக் கூட்ட வேண்டும், ஆனால் அந்தப் பாதி 1.75 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆக உச்சபட்சம் 5.25 லட்சமும் 1.75 லட்சமும் சேர்ந்து 7 லட்சம் ரூபாய். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 12,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தவருக்கு, கணக்கில் சராசரியாக 2 லட்சம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், 4.2 லட்சமும் 1 லட்சமும் சேர்ந்து 5.2 லட்சம் வரும். அவருடைய பிஎஃப் இருப்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! இதைத்தான் சில குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

இறப்பதற்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தபட்சம் 2.5 லட்சம் உண்டு. ஒரு வருடம்கூட முடியவில்லையே என்றால் முன்பு மிகச் சின்னத் தொகைதான் வந்துகொண்டிருந்தது. 2025-இல் கொண்டுவந்த மாற்றத்தில் அதற்கும் 50,000 ரூபாய் குறைந்தபட்சம் வைத்தார்கள். அதே மாற்றத்தில் இன்னும் இரண்டு நல்ல விஷயங்கள் நடந்தன. ஒரு கம்பெனியை விட்டு அடுத்த கம்பெனியில் சேர இரண்டு மாதம் வரை இடைவெளி விழுந்தாலும் தொடர்ந்த வேலையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நோயால் சம்பளமில்லா விடுப்பில் கிடந்து இறந்தவருக்கும், கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்து, பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாமல் இருந்தால், காப்பீடு உண்டு. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு என்று மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தவர்களின் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். "அவர்தான் நாலு மாசமா வேலைக்கே போகலையே, எங்கே கிடைக்கும்" என்று நீங்களாகவே முடிவு செய்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

சில பெரிய கம்பெனிகள் இந்தத் திட்டத்திலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக எல்ஐசி போன்றவற்றில் குழுக் காப்பீடு எடுத்திருக்கும். அப்படியானால் பிஎஃப் அலுவலகத்தில் இல்லாமல் கம்பெனி மூலமாகக் கேட்க வேண்டும். எச்ஆரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். கேட்கும்போதே கிராஜுவிட்டியையும், அதாவது பணிக்கொடையையும், கேளுங்கள். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இறந்தவருக்குப் பொருந்தாது, இரண்டு வருடமே வேலை பார்த்திருந்தாலும் அந்த இரண்டு வருடத்துக்கான தொகை குடும்பத்துக்கு உரியது.

மாத ஓய்வூதியம்

"பத்து வருஷம் வேலை பார்த்தால்தான் பென்ஷன்" என்று எல்லாரும் சொல்வார்கள். உயிரோடு ஓய்வு பெறுகிறவருக்கு அது சரி. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த விதி இல்லை. ஒரே ஒரு மாதத்துக்கான ஓய்வூதியப் பங்கு கட்டியிருந்தால்கூடப் போதும், மனைவிக்கு மாத ஓய்வூதியம் உண்டு. இறந்தவர் பெண் என்றால் கணவருக்கு. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: மனைவி கார்மென்ட்ஸிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்து இறந்துபோயிருந்தால், தனக்கும் ஓய்வூதியம் உண்டு என்பதே பல கணவர்களுக்குத் தெரிவதில்லை.

துணைக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். அதோடு 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு, துணையின் ஓய்வூதியத்தில் ஆளுக்கு 25 சதவீதம் தனியாக வரும். மூத்த பிள்ளைக்கு 25 முடிந்ததும் அடுத்த பிள்ளை அந்த இடத்துக்கு வரும். உடல், மனக் குறைபாட்டால் நிரந்தரமாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது, ஆயுள் முழுவதும் வரும். அப்பா அம்மா இருவருமே இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 75 சதவீதம். துணை மறுமணம் செய்துகொண்டால் அவருக்கான ஓய்வூதியம் நின்றுவிடும், ஆனால் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கான அதிக விகிதம் தொடங்கிவிடும், அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். 1,000 ரூபாய் இன்றைய விலைவாசிக்குப் போதாது என்பதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. 2014-இல் நிர்ணயித்த அந்தக் குறைந்தபட்சம் உயர்த்தப்பட வேண்டியது. ஆனாலும் 35 வயதில் தனியாக நிற்கிற ஒருவருக்கு இது ஆயுள் முழுவதும் வருகிற பணம், விடக் கூடாது.

இங்கேதான் நாமினி விஷயம் மாறுகிறது. மனைவியோ கணவரோ பிள்ளையோ இருந்தால் ஓய்வூதியம் அவர்களுக்குத்தான், பிஎஃப்-க்கு யாரை நாமினியாகப் போட்டிருந்தாலும் சரி. கல்யாணமாகாதவர் இறந்தால் ஓய்வூதியத்துக்கென்று நியமித்தவருக்குப் போகும். யாரையும் நியமிக்கவில்லை என்றால் அவரை நம்பி வாழ்ந்த அப்பாவுக்கு, அப்பா இல்லாவிட்டால் அம்மாவுக்கு. வேலையை விட்டுவிட்டு 58 வயதுக்கு முன் இறந்தவர்களின் குடும்பங்களும் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பத்து வருடப் பங்களிப்பு முடிந்திருந்தால் துணைக்கு ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவரே இறந்தால் துணைக்கு அதில் பாதி.

பிஎஃப் இருப்பு: நாமினி யாராக இருக்கலாம்

சரி, இப்போது எல்லாரும் கேட்கிற கணக்குக்கு வருவோம். பிஎஃப்-க்கு நம் இஷ்டத்துக்கு யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போட முடியாது. குடும்பம் இருப்பவர் குடும்பத்துக்குள்தான் போட வேண்டும். யார் குடும்பம் என்பதையும் திட்டமே சொல்லிவிடுகிறது. ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், தன்னை நம்பி இருக்கிற பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி, அவர்களின் பிள்ளைகள். பெண்ணுக்கு கணவர், பிள்ளைகள், தன்னை நம்பி இருக்கிற பெற்றோர், கணவரின் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி பிள்ளைகள். கணவரோடு சேர்ந்து வாழாத ஒரு பெண், அவரைக் குடும்பக் கணக்கிலிருந்து விலக்க விரும்பினால் பிஎஃப் ஆணையருக்கு எழுத்துமூலம் தெரிவித்து விலக்கலாம், அதற்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. பல பெண்களுக்கு இது தெரிய வேண்டும்.

அந்தப் பட்டியலில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நம் ஊரில் கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்கிற பையன் தங்கை பெயரையோ தம்பி பெயரையோ எழுதிக் கொடுப்பது சாதாரணம். குடும்பம் என்று யாருமே இல்லாதவர் போட்டால் அது செல்லும். அப்புறம் கல்யாணம் ஆனதும், அதாவது சட்டப்படி குடும்பம் என்று ஒன்று வந்ததும், அந்த நாமினேஷன் தானாகவே செல்லாமல் போய்விடும், யாரும் கடிதம் போட்டு அதைத் தெரிவிக்கப்போவதில்லை. ஆகவே கல்யாணத்துக்கு முன் யாரைப் போட்டிருந்தாலும் கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று போட்டே தீர வேண்டும். அம்மாவுக்கும் ஒரு பங்கு வர வேண்டும் என்று நினைத்தால், உங்களை நம்பி இருக்கிறவர் என்ற நிலையில் அவரையும் சேர்த்து மனைவிக்கு 60, அம்மாவுக்கு 40 என்று சதவீதம் பிரித்து எழுதலாம். அது பிற்பாடு மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நிற்க வேண்டிய நிலையைத் தவிர்க்கும்.

நாமினேஷனே இல்லை, அல்லது இருந்தது செல்லாது என்றால்? குடும்ப உறுப்பினர்களுக்குச் சம பங்கு. ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது, வீடுகளில் சச்சரவு வருவதே இங்கேதான். மற்ற குடும்ப உறுப்பினர் யாராவது இருக்கும்போது, 18 வயது தாண்டிய மகனுக்கும், கணவர் உயிரோடு இருக்கிற கல்யாணமான மகளுக்கும் பங்கு கிடையாது. அப்பா இறந்தபோது அம்மா, 24 வயது மகன், கல்யாணமான ஒரு மகள், 16 வயது மகள் என்று நாலு பேர் இருந்தால், பிஎஃப் அலுவலகம் அம்மாவுக்கும் இளைய மகளுக்கும் ஆளுக்குப் பாதி கொடுக்கும். அப்பா நாமினேஷனில் மகன் பெயரை எழுதியிருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கும். இறக்கும்போது மனைவி கர்ப்பமாக இருந்தால், பிறகு உயிரோடு பிறக்கிற குழந்தைக்கும் பங்கு உண்டு.

நாமினி வாங்கினால் அது அவருக்கே சொந்தமா?

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பிஎஃப் அலுவலகம் யார் கையில் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, அந்தப் பணம் கடைசியில் யாருக்குச் சொந்தம் என்பது இன்னொரு கேள்வி. நாமினியிடம் கொடுத்ததோடு அலுவலகத்தின் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு, நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர் மட்டுமே, வாரிசுச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் அவரிடமிருந்து தங்கள் பங்கைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஆயுள் காப்பீட்டு விஷயத்தில் 1984-இலும், கல்யாணத்துக்கு முன் தாயை நாமினியாகப் போட்டிருந்த ஒருவரின் வருங்கால வைப்பு நிதி வழக்கில் 2009-இலும் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் வாரிசு யார்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. இங்கே கல்யாணமான மகளும் உண்டு, வயது வந்த மகனும் உண்டு. அப்பா அந்த முதல் வரிசையில் இல்லை. இந்துப் பெண் இறந்தால் பிள்ளைகளும் கணவரும் முதலில், அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவர் வழி வாரிசுகள், அதற்குப் பிறகுதான் அவளைப் பெற்றவர்கள். சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒரு பெண்ணின் பணம் அவளைப் பெற்றவர்களுக்கு முன் கணவர் வீட்டுச் சொந்தங்களுக்குப் போகும் என்பது எனக்கு ஏற்புடையது இல்லை, ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. குழந்தை இல்லாத பெண்கள் ஓர் உயில் எழுதி வைப்பது நல்லது என்று இதனால்தான் சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம்களுக்கு ஷரியத் சட்டமும் பொருந்தும், பங்குக் கணக்கு வேறு மாதிரி வரும்.

பெரும்பாலான வீடுகளில் மனைவிதான் நாமினி, பிள்ளைகள் சின்னவர்கள், எந்தத் தகராறும் வராது. தகராறு வரக்கூடிய வீடு என்று தோன்றினால் பணம் வந்த உடனேயே செலவழித்துவிடாமல் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன்காரர் வந்து நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிஎஃப் சட்டத்தின் 10-ஆவது பிரிவு இறந்தவரின் கடனுக்காக இந்தப் பணத்தை ஜப்தி செய்ய விடாது. பெர்சனல் லோன் கொடுத்த வங்கியோ, கைமாற்றாகக் கொடுத்தவரோ பிஎஃப் அலுவலகத்தில் போய்ப் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்ல முடியாது. இழவு வீட்டிலேயே வந்து "பிஎஃப் வந்ததும் கொடுத்துவிடுவேன்" என்று எழுதி வாங்க முயல்வார்கள், அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எப்படிக் கேட்பது

இறப்புச் சான்றிதழ் முதல் வேலை. 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. நாலைந்து பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வங்கி, எல்ஐசி, மின் இணைப்பு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். அதில் உள்ள பெயர் ஆதாரில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் பிறகு தாசில்தார் தருவார். நாமினேஷன் சரியாக இருந்தால் பிஎஃப்-க்கு இது இல்லாமலே காரியம் நடக்கும். இல்லாவிட்டால் இதுதான் ஆதாரம். நீதிமன்றம் கொடுக்கிற வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு, அதற்குச் செலவும் காலமும் அதிகம், தகராறு இருந்தால்தான் அது வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் முன்பு மூன்று தனித்தனிப் படிவமாக இருந்தது: பிஎஃப்-க்கு 20, ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐஎஃப். இப்போது இறப்புக் கோரிக்கைக்கென்று மூன்றையும் சேர்த்த ஒரே படிவம் இருக்கிறது. அதில் மூன்று கட்டத்திலும் டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தைக் கம்பெனி மூலமாகக் கொடுப்பதுதான் வழக்கம். கம்பெனி மூடிவிட்டார்கள், அல்லது கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிறார்கள் என்றால் வங்கி மேலாளர், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்களிடம் சான்றொப்பம் வாங்கி நேரே பிஎஃப் அலுவலகத்தில் கொடுக்கலாம். இறந்தவர் ஆன்லைனில் இ-நாமினேஷன் போட்டு முடித்திருந்தால் இந்த அலைச்சல் எதுவுமே இல்லை. நாமினி வீட்டிலிருந்தே இணையத்தில் இறந்தவரின் யுஏஎன் எண்ணையும் (எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் அடையாள எண்) தன் ஆதாரையும் கொடுத்து, தன் செல்போனுக்கு வருகிற ஓடிபி-யை வைத்து விண்ணப்பித்துவிடலாம்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். தமிழ்நாட்டில் இனிஷியல் போடுகிற பழக்கம் இருப்பதால் ஆதாரில் இனிஷியல் பின்னாலும், பிஎஃப்-இல் முன்னாலும், வங்கியில் அப்பா பெயர் முழுதாக விரிந்தும் இருக்கும். உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்வது சின்ன வேலை, இறந்த பிறகு கம்பெனியும் அலுவலகமும் மாறி மாறிக் கடிதம் கேட்பார்கள். இன்னொரு சிக்கல், பழைய கம்பெனிக் கணக்குகள். 2014-இல் யுஏஎன் வருவதற்கு முன்னால் நாலு இடத்தில் வேலை பார்த்தவருக்கு நாலு கணக்கு தனித்தனியே கிடக்கலாம். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் எல்லாவற்றிலும் பிஎஃப் எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லாத் தாளும் சரியாக இருந்தால் 20 நாளில் பிஎஃப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தாமதமானால் பிஎஃப்-ஐ நடத்துகிற அமைப்பான இபிஎஃப்ஓ-வின் இணையக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடக்கிற முகாமுக்கு நேரில் போய் முறையிடவும் செய்யலாம், பிஎஃப் அலுவலகம் இல்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு அது ரொம்ப உதவி. இறந்து மூன்று வருடம் வரை யாருமே கேட்காமல் விட்டால் கணக்கு செயலற்றதாகி வட்டி நின்றுவிடும். பணம் எங்கேயும் போய்விடாது, பிறகும் கேட்கலாம், ஆனால் ஓடிக்கொண்டிருந்த வட்டியை எதற்கு இழக்க வேண்டும்?

வரி பற்றிப் பயப்பட வேண்டாம். இந்தியாவில் வாரிசாக வருகிற சொத்துக்கு வரி இல்லை, முன்பு இருந்த எஸ்டேட் வரியை 1985-இலேயே எடுத்துவிட்டார்கள். பிஎஃப் இருப்பும் காப்பீட்டுத் தொகையும் முழுதாகக் கைக்கு வரும். மாத ஓய்வூதியம் மட்டும் வாங்குகிறவரின் வருமானமாகக் கணக்கில் வரும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு அல்லது புதிய வரி முறையில் 25,000 ரூபாய் (பழைய முறையில் 15,000), இதில் எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம்.

பிபிஎஃப், என்பிஎஸ் வைத்திருந்தால்

இறந்தவரின் பிஎஃப் கணக்கை மனைவி தன் பெயருக்கு மாற்றித் தொடர்ந்து வட்டி வாங்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. அவருக்கே ஒரு பிஎஃப் கணக்கு இருந்தாலும் அதில் சேர்க்கவும் முடியாது. அமெரிக்காவில் துணையின் ஓய்வுக்காலக் கணக்கைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொள்ளும் வழி இருக்கிறது, 2020-லிருந்து நிகழ்ந்த இறப்புகளில் துணை அல்லாத பெரும்பாலான வாரிசுகள் பத்து வருடத்துக்குள் கணக்கைக் காலி செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அங்கே இருக்கிற பிள்ளைகள் அந்த விதியை வைத்துக்கொண்டு போனில் யோசனை சொன்னால் குழம்பாதீர்கள், இங்கே நடைமுறை வேறு.

தபால் நிலையத்திலோ வங்கியிலோ போட்ட பிபிஎஃப்-பும் (பொது வருங்கால வைப்பு நிதி) அப்படித்தான், 15 வருடம் முடியாவிட்டாலும் இறந்ததும் மூட வேண்டும், நாமினி தொடர்ந்து பணம் போட முடியாது. நாமினி இல்லாமல் 5 லட்சம் வரை இருந்தால் ஆறு மாதம் கழித்து நீதிமன்றச் சான்று இல்லாமலே, உறுதிமொழிப் பத்திரங்கள் கொடுத்து வாரிசுகள் வாங்கலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் மட்டும் இதில் கொஞ்சம் இரக்கமானது. துணை கூட்டுக் கணக்கில் இருந்தாலோ, ஒரே நாமினியாக இருந்தாலோ, தகுதி இருந்தால் முதிர்வு வரை அதே கணக்கைத் தொடரலாம்.

தனியார் வேலையில் இருப்பவர் தானாகச் சேர்ந்த என்பிஎஸ்-இல் (தேசிய ஓய்வூதியத் திட்டம்), இறந்தால் மொத்தத் தொகையையும் நாமினி எடுத்துக்கொள்ளலாம், அல்லது விரும்பினால் அதை வைத்து மாத வருமானம் தரும் ஆன்யுட்டி வாங்கலாம். மொத்தமாகவே எடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். கையில் பணம் இருந்தால் கேட்டு வருகிற சொந்தங்கள் அதிகம் உள்ள வீட்டில் ஒரு பகுதிக்காவது மாத வருமானம் வருகிற மாதிரி பூட்டி வைப்பது நல்லது. எதுவானாலும் முதல் ஆறு மாதம் பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டு, மனம் கொஞ்சம் நிலைப்பட்ட பிறகு முடிவு எடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

இதைப் படிக்கிற நீங்கள் வேலையில் இருப்பவர் என்றால் யுஏஎன் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு பிஎஃப் உறுப்பினர் தளத்துக்குள் போங்கள். மேனேஜ் என்ற பகுதியில் இ-நாமினேஷன் இருக்கும். உங்கள் புகைப்படம் ஏற்றியிருக்க வேண்டும், குடும்பத்தினர் ஒவ்வொருவரின் ஆதார் எண், பிறந்த தேதி, புகைப்படம் வேண்டும். பிஎஃப்-க்கான பங்கு சதவீதத்தை எழுதுங்கள், கூட்டினால் 100 வர வேண்டும். ஓய்வூதியப் பகுதி தனியாகக் கேட்டால் அதையும் நிரப்புங்கள். நாமினி சின்னக் குழந்தை என்றால் காப்பாளர் பெயரையும் கொடுக்க வேண்டும். எல்லாம் முடித்து சேமித்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள், அது நாமினேஷன் ஆகாது. ஆதார் ஓடிபி வைத்து மின்கையொப்பம் போட்டால்தான் பதிவாகும், அதுவரை நிலுவை என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் பழசாக இருந்தால் ஓடிபி வராது, அதை முதலில் ஆதார் மையத்தில் மாற்றிவிட்டு வாருங்கள். கையொப்பம் முடிந்ததும் கிடைக்கிற பிடிஎஃப்-ஐ இறக்கி, யுஏஎன் எண்ணோடு சேர்த்து மனைவிக்கோ கணவருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, இடிஎல்ஐ என்ற பெயரையும் அதோடு எழுதி அனுப்புங்கள்.